மீட்டர் காட்டும் மணிக்கணக்கை நம்பலாமா?

விடியற்காலையில் சாலை பஜார் பக்கம் போய்ப் பாருங்கள். தோவாளையிலிருந்து பூவும், வடசேரிச் சந்தையிலிருந்து காய்கறியும் ஏற்றி வந்த சிறு வண்டிகள் வரிசையாக நிற்கும். 2005-ஆம் ஆண்டு டாடா ஏஸ் வந்ததிலிருந்து, நம் மக்கள் 'குட்டியானை' என்று செல்லமாகப் பெயரிட்ட அந்த வண்டியும் அதன் பின்னால் வந்த பிக்கப் வண்டிகளும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு அடுப்பெரிய வழி செய்திருக்கின்றன. எல்லோராலும் புது வண்டி வாங்க முடிவதில்லை. நகையை அடகு வைத்தோ, சீட்டுப் பணத்தை எடுத்தோ பழைய வண்டி வாங்குகிறவர்களே அதிகம்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?" என்பதுதான். மீன் ஏற்றும் குளிர்பெட்டி வண்டி, கம்ப்ரஸர் வண்டி போன்றவற்றில் மணி மீட்டரும் பொருத்தியிருந்தால், "எத்தனை மணி நேரம்?" என்றும் கேட்பார்கள். இந்த இரண்டு எண்களையும் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை, எஞ்சின்களோடு காலம் கழித்தவன் என்ற முறையில் நம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இரண்டு மீட்டர்கள் எதற்கு?

தூரத்தை அளக்கும் கருவி மிகப் பழையது. வண்டிச் சக்கரம் ஒரு மைல் உருண்டால் ஒரு கூழாங்கல் பெட்டிக்குள் விழும்படியான அமைப்பை, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியப் பொறியாளர் விட்ருவியஸ் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அந்தக் கருவிக்குச் சக்கரம் சுற்றுவது மட்டுமே தெரியும். எஞ்சின் ஓடுவது தெரியாது.

ரயில்வேயில் இந்த வேறுபாடு நன்றாக விளங்கும். நம் பாதைகளில் நெடுங்காலம் ஓடிய டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சின், சிக்னலுக்காகவோ யார்டிலோ நிற்கும்போதும் நிமிடத்துக்கு 400 சுற்று சுற்றிக்கொண்டே இருக்கும். சக்கரம் ஓர் அங்குலம்கூட நகர்ந்திருக்காது. ஆனால் பிஸ்டன் உராயும், எண்ணெய் கெடும், பேரிங் தேயும். மெக்கானிக்குகள் இதை ஐடிலிங் என்பார்கள்.

விழிஞ்ஞத்தில் மீனுக்காகக் காத்து நிற்கும் குளிர்பெட்டி வண்டிக்கும் இதே கதைதான். பெட்டியைக் குளிர வைக்கும் கம்ப்ரஸரை வண்டியின் எஞ்சினே ஓட்டுமானால், வண்டி நிற்கும் நேரமெல்லாம் எஞ்சினுக்கு வேலை நேரம். அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் தன் போலீஸ் வண்டிகளுக்கு ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறது. ஒரு மணி நேர ஐடிலிங், ஏறக்குறைய 33 மைல் ஓடியதற்குச் சமம் என்பது அந்தக் கணக்கு. நம் அளவில் இது சுமார் 53 கிலோமீட்டர். ஆகவே கிலோமீட்டர் குறைவாக இருப்பதாலேயே எஞ்சின் புதிது என்று எண்ணிவிட முடியாது. அதற்காகத்தான் மணி மீட்டர்.

மணி மீட்டர் எப்படித் தவறுகிறது?

மணி மீட்டரும் பழைய வண்டிகளில் பல விதமாகத் தவறும்.

முதலாவது, வயரிங். சில மீட்டர்கள் சாவியைத் திருப்பியதுமே எண்ணத் தொடங்கும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் டிரைவர் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாலும் அது மணிக்கணக்கில் சேரும். வேறு சில, ஆயில் பிரஷர் சுவிட்சோடு இணைந்தவை. அந்தச் சுவிட்ச் பழுதானால் எஞ்சின் ஓடும், மீட்டர் தூங்கும்.

இரண்டாவது, பழைய டிராக்டர்களில் உள்ளது போன்ற கேபிள் மீட்டர். இது நேரத்தை எண்ணுவதில்லை, எஞ்சினின் சுற்றுகளை எண்ணுகிறது. நிமிடத்துக்கு 1500 சுற்றுக்கு ஒரு மணி என்று அமைத்திருந்தால், 750 சுற்றில் ஒரு மணி நேரம் ஓடினாலும் மீட்டர் அரை மணிதான் காட்டும்.

மூன்றாவது, மீட்டர் பலகையையே மாற்றுவது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2003-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தயாரித்த பெரிய பிக்கப் வண்டிகளில், மீட்டர் முள்ளை நகர்த்தும் சிறு மோட்டார்கள் பரவலாகப் பழுதாயின. பலர் பலகையையே மாற்ற வேண்டியதாயிற்று. இன்னொரு வண்டியிலிருந்து கழற்றிய பலகையைச் சரிப்படுத்தாமல் மாட்டினால், அது அந்த வண்டியின் கணக்கைத்தான் காட்டும். புதிய பலகையானால் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

நான்காவது, வேண்டுமென்றே திருத்துவது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 4,50,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் பொய்யான ஓடோமீட்டர் கணக்கோடு விற்பனையாவதாக அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜெனரேட்டர் ஏற்றிய வண்டிகளில் ஜெனரேட்டருக்குத் தனி எஞ்சினும் தனி மீட்டரும் உண்டு. அந்த மீட்டரைக் காட்டி, "வண்டி இவ்வளவு மணிதான் ஓடியிருக்கிறது" என்பார்கள். வண்டி எஞ்சினுக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது.

ஒரு வகுத்தல் கணக்கு

இரண்டு மீட்டர்களும் இருந்தால், ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சோதிக்கலாம். கிலோமீட்டரை மணியால் வகுத்தால் வண்டியின் சராசரி வேகம் கிடைக்கும். ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் மாறி மாறி ஓடும் சரக்கு வண்டிக்கு அது 20 முதல் 40 வரை இருந்தால் நம்பத் தகுந்தது. 10-க்கும் கீழே போனால், வண்டி நின்ற இடத்தில் நிறைய ஓடியிருக்க வேண்டும். அல்லது கிலோமீட்டரில் கை வைத்திருக்க வேண்டும். 60-க்கும் மேலே போனால் மணி மீட்டர் இடையில் நின்றிருக்க வேண்டும், அல்லது மாற்றப்பட்டிருக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் குளிர்பெட்டி வண்டி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். அம்மாவின் நகைகளை அடகு வைக்க வங்கியில் பேசியாகிவிட்டது. "மாமா, நல்ல வண்டி. 96,000 கிலோமீட்டர், 1,100 மணிதான்" என்றார். வகுத்துப் பார்த்தால் சராசரி வேகம் 87 வருகிறது! களியக்காவிளைக்கும் கரமனைக்கும் நடுவே அந்த வேகத்தில் யார் ஓட்ட முடியும்? விற்பவரிடம் கேட்டபோது, மணி மீட்டர் பழுதாகி மாற்றியதாகச் சொன்னார். அதற்கான ரசீது இல்லை. பழைய சர்வீஸ் பில்களைக் கேட்டோம். தயங்கித் தயங்கிக் கொடுத்த கட்டில், மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய பில் ஒன்றில் 1,32,000 கிலோமீட்டர் என்று எழுதியிருந்தது. ஆக, இரண்டு மீட்டர்களுமே உண்மை சொல்லவில்லை.

அந்த வண்டியை அவர் வாங்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, 2,10,000 கிலோமீட்டர் ஓடிய வேறொரு வண்டியை எல்லாப் பில்களோடும் வாங்கினார். விலையும் குறைவு. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்?

வேறு சாட்சிகளைக் கேளுங்கள்

வண்டியைப் பார்க்கக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் வருமுன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுகிறதா, நீலப் புகை தொடர்ந்து வருகிறதா, ஓடும் எஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை வேகமாகத் தள்ளுகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கைக் கொண்டு கம்ப்ரஷன் சோதனை செய்யுங்கள்.

பெடல் ரப்பர், ஸ்டீயரிங் சக்கரம், டிரைவர் இருக்கை ஆகியவற்றின் தேய்மானம் மீட்டரோடு பொருந்த வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் தயாரானது. 30,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லும் வண்டியில் இரண்டாம் முறை மாற்றிய டயர்கள் இருந்தால் யோசிக்க வேண்டும்.

சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று வேண்டும். அதையும், ஆர்.சி., வரி, கடன் பாக்கி விவரங்களையும் பரிவாகன் இணையதளத்தில் சரிபாருங்கள். கம்ப்யூட்டர் கட்டுப்பாடுள்ள வண்டியானால், சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள். சில வண்டிகளில் எஞ்சின் ஓடிய நேரம் மீட்டர் பலகையில் மட்டுமன்றி வேறு இடத்திலும் பதிவாகியிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்கா 1972-இலேயே ஓடோமீட்டர் மோசடிக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. பெல்ஜியத்தில் 2006 முதல், பழைய வண்டியை விற்பவர் அதன் கிலோமீட்டர் வரலாற்றைக் காட்டும் 'கார்-பாஸ்' சான்றிதழைக் கொடுத்தாக வேண்டும். நம் நாட்டில் அப்படிப்பட்ட கட்டாய ஏற்பாடு இல்லை. ஆயினும் நாம் கையற்றவர்கள் அல்லர். ஏமாற்றி விற்பது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவின்படி மோசடிக் குற்றமாகலாம். விற்றவர் வியாபாரியானால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். "தொழிலுக்கு வாங்கிய வண்டி, ஆகவே வழக்கு செல்லாது" என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியவரும் நுகர்வோரே என்று அந்தச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

முறையிட ஆதாரம் வேண்டுமல்லவா? ஆகவே விற்பனைக் கடிதத்தில், "இன்றைய மீட்டர் கணக்கு இவ்வளவு. மீட்டர் மாற்றப்படவில்லை" என்ற ஒரு வரியை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மாற்றியிருந்தால், மாற்றிய தேதியையும் பழைய கணக்கையும் எழுதச் சொல்லுங்கள். இதற்கு மறுப்பவரிடம் வண்டி வாங்காதிருப்பதே நல்லது.

சொந்த வண்டி வைத்திருப்போருக்கு

மீட்டரை மாற்றுவது குற்றமல்ல. பழுதானால் மாற்றத்தான் வேண்டும். மாற்றியதை மறைப்பதுதான் தவறு. ரயில் எஞ்சினில் எப்போதும் ஒரு லாக் புக் இருக்கும். ஒருவர் கண்ட பழுதை அடுத்து வருகிறவர் அதில் படித்துத் தெரிந்துகொள்வார். அதுபோல வண்டியில் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், மணி, மீட்டர் மாற்றியிருந்தால் பழைய கணக்கு ஆகியவற்றை எழுதி வாருங்கள். என்றாவது வண்டியை விற்கும்போது அந்த நோட்டையும் சாவியோடு சேர்த்துக் கொடுங்கள். வாங்குகிறவரும் யாரோ ஓர் அம்மாவின் நகையை அடகு வைத்துத்தான் வந்திருப்பார்.