மார்கழிக் குளிரில் ஒற்றை பேஸ்

டிசம்பர் பிறந்ததும் பெங்களூருவில் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் வெளியே வந்துவிடுகின்றன. இரவில் 15, 16 டிகிரி. இந்தக் குளிருக்கென்றே வாசித்ததுபோல ஓர் ஆல்பம் உண்டு. ஜெர்மானிய ஜாஸ் கலைஞர் எபர்ஹார்ட் வெபர் 1993-ல் தந்த ‘பெண்டுலம்’.

பாடகர் இல்லை, டிரம்ஸ் இல்லை, பியானோ இல்லை. முழுக்க வெபரின் பேஸ் மட்டும்தான். தான் வாசித்ததன் மேலேயே மறுபடி வாசித்து அடுக்கிக்கொண்டு போகிறார். சாதாரண டபுள் பேஸில் தந்தியை மீட்டிய நாதம் சீக்கிரமே அடங்கிவிடும். வெபர் வைத்திருப்பது பருத்த மர உடலைக் களைந்துவிட்ட மின்சார பேஸ். மேல் ஸ்தாயிக்கென்று கூடுதலாக ஒரு தந்தி. அதில் நாதம் நெடுநேரம் நின்று மெல்லக் கரையும். அது கரையும்வரை அடுத்த ஸ்வரத்துக்கு அவர் அவசரப்படுவதே இல்லை. அந்த இடைவெளியில்தான் குளிர் இருக்கிறது.

இளையராஜா பாடல்களில் பேஸ் கிடாரைத் தேடித் தேடிக் கேட்டவர்கள் நாம். ஆனாலும் அங்கே அது பாட்டைத் தாங்கும் குரல். பேஸ் தனியாகவே ஓர் ஆல்பத்தைச் சுமக்கும் என்று முதலில் காட்டியவர் அமெரிக்கரான பார் ஃபிலிப்ஸ். 1968-ல் லண்டன் தேவாலயம் ஒன்றில், மின்னணு இசையமைப்பாளர் ஒருவருக்கு மூலப்பொருளாக இருக்கட்டும் என்று வாசித்துக் கொடுத்தார். அந்த வாசிப்பே இசைத்தட்டாக வந்தது.

வெபருக்கும் பெங்களூருவுக்கும் நடுவே ஒரு சாக்ஸபோன் கலைஞர் நிற்கிறார். வெபரின் ‘யெல்லோ ஃபீல்ட்ஸ்’ ஆல்பத்தில் நாகஸ்வரமும் வாசித்த சார்லி மரியானோதான் அவர். 1964-ல் டி.ஏ.எஸ். மணி பெங்களூருவில் தொடங்கிய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவுடன் சேர்ந்து, 1983-ல் ‘ஜோதி’ ஆல்பத்தைப் பதிவு செய்தார். ஆர்.ஏ. ரமாமணியின் குரலும் மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் அதில் சேர்ந்து ஒலிக்கின்றன. வெபரின் ஆல்பங்கள் வந்த அதே இ.சி.எம். நிறுவனம்தான் இதையும் வெளியிட்டது.

2007-ல் பக்கவாதம் வந்து வெபரின் வாசிப்பு நின்றுபோனது. அவர் ஓயவில்லை. பழைய கச்சேரிப் பதிவுகளிலிருந்து தன் தனி ஆவர்த்தனங்களைப் பிரித்தெடுத்து, அவற்றைக் கொண்டே 2012-ல் ‘ரெஸ்யூமே’யை உருவாக்கினார். 1994-ல் பிரான்சின் அவிஞோன் நகரில் தனியாக வாசித்த கச்சேரி 2021-ல்தான் வெளிவந்தது. கைதட்டலோடு கேட்கக் கிடைக்கும் அந்தப் பதிவு, ‘பெண்டுல’த்துக்குச் சற்றும் குறைந்ததல்ல.

கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். கீழ் ஸ்தாயி முழுவதும் காணாமல் போய்விடும். நல்ல ஹெட்போன் ஒன்றை மாட்டிக்கொண்டு ‘பெண்டுல’த்தில் தொடங்குங்கள். அது முடிந்ததும் ‘ஜோதி’யையும் கேட்டுவிடுங்கள்.