டம்ளரில் தட்டிப் பார்த்த கவிதை

தங்கை மகள் லண்டனில் படிக்கிறாள். அடுத்த ஆண்டு ஜி.சி.எஸ்.இ. தேர்வு. விடுமுறைக்கு வந்தவள் கவிதைத் தொகுப்பைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிட்டாள். "பெரியம்மா, இந்தக் கவிதை நடுவுல ஏன் தாளம் மாறுது? நோட்ஸ்ல இருக்கிறதை எழுதிடுவேன், ஆனா எனக்குப் புரியல."

ஜான் அகார்டின் 'செக்கிங் அவுட் மீ ஹிஸ்டரி'. பள்ளியில் சொல்லித்தந்த வரலாற்றையும் சொல்லாமல் விட்டதையும் அடுத்தடுத்து வைக்கிற கவிதை. டீயை ஆற்றி அவள் முன்னால் வைத்தேன். "வாய்விட்டுப் படி. படிக்கும்போதே விரலால டம்ளரைத் தட்டு."

தட்டினாள். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்துக்குள் நுழைந்தது, ஆங்கிலக் கதையின் டிக் விட்டிங்டனும் அவன் பூனையும் என்று வரும் இடங்களில் விரல் தானாகத் துள்ளியது. இயைபு கச்சிதம், குழந்தைப் பாட்டின் மெட்டு. டூசான் லூவெர்த்தூர் என்ற பெயர் வந்ததும் விரல் தடுமாறி நின்றது. வரிகள் இரண்டு மூன்று சொற்களாகச் சுருங்கிவிட்டன. அச்செழுத்தும் சாய்ந்துகொண்டது.

விரல் நின்ற இடம்தான் அவள் கேள்விக்குப் பதில். பதினாறாம் வாய்ப்பாட்டை இன்றைக்கும் நான் ராகத்தோடுதான் சொல்வேன். ராகத்தை எடுத்துவிட்டால் எண் வராது. பள்ளிக்கூடம் நமக்குள் ஊற்றியதெல்லாம் அப்படி ஒரு மெட்டோடு இறங்கியது. யோசிக்காமலே வாயில் வரும். சொல்லித்தராமல் விட்டதற்கு அந்த மெட்டு கிடையாது. ஒவ்வொரு சொல்லையும் நாமே எடுத்து, பார்த்து, வைக்க வேண்டும். அகார்ட் இந்த வித்தியாசத்தை விளக்கிக்கொண்டிருக்கவில்லை, படிக்கிறவரின் நாக்கிலேயே ஏற்றிவிடுகிறார்.

அவர் பிறந்தது 1949இல், அன்றைய பிரிட்டிஷ் கயானாவில். நாடு விடுதலை பெற்றது 1966இல். பள்ளிப் பருவம் கிட்டத்தட்ட முழுவதும் அந்நிய ஆட்சியில் கழிந்தது. 1977இல் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்து, 2012இல் கவிதைக்கான அரசியின் தங்கப் பதக்கம் பெற்றவர். அப்படிப்பட்டவருக்கு 'மை' என்று எழுதத் தெரியாதா? 'மீ' என்பது கரீபியக் கிரியோல், வீட்டுப் பேச்சு. வகுப்பில் பேசினால் திருத்தப்பட்ட மொழி. தன் வரலாற்றைச் சரிபார்க்க வந்தவர் திருத்தியவர்களின் இலக்கணத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறார். நிறுத்தக்குறிகளையும்தான்.

"டூசான் யாரு?" என்றேன். நெப்போலியனை எதிர்த்தவர் என்பது தெரிந்திருந்தது. மீதியைச் சொன்னேன். பிரான்சுக்குச் சர்க்கரை கொட்டிக் கொடுத்த சான் டொமிங் காலனியில் 1791இல் அடிமைகள் எழுந்தார்கள். அடிமையாகப் பிறந்த டூசான் அவர்களின் தளபதியானார். பிரெஞ்சுக்காரர்கள் அவரைப் பிடித்துக் கொண்டுபோய் ஒரு மலைக்கோட்டையில் அடைத்தார்கள். 1803 ஏப்ரலில் அங்கேயே இறந்தார். அடிமைகளின் போராட்டம் ஓயவில்லை. 1804 ஜனவரி 1 அன்று ஹெய்ட்டி பிறந்தது. அடுத்து வரும் நேனி, ஜமைக்காவின் நீலமலையில் தப்பிவந்த அடிமைகளுக்குத் தலைமை தாங்கி ஆங்கிலேயப் படையோடு மோதியவள். இன்று அந்நாட்டின் 500 டாலர் நோட்டில் அவள் முகம் இருக்கிறது.

கடைசியாக வரும் மேரி சீகோலிடம் கொஞ்சம் அதிகம் நின்றோம். கவிதையின் தொடக்கத்திலேயே கண்ணுக்குக் கட்டுப் போடுகிற படிமம் ஒன்று வருகிறது. நாம் கண்கட்டு என்கிறோம், காயத்துக்குப் போடுவதையும் கட்டு என்கிறோம். பார்வையை மறைப்பதும் ஆற்றுவதும் ஒரே துணிதான். மறைக்கிற கட்டில் தொடங்கிய கவிதை, ஆற்றுகிற கட்டுப் போடும் பெண்ணிடம் வந்து சேர்கிறது. 1805இல் கிங்ஸ்டனில் பிறந்த சீகோல், மருத்துவச்சியான அம்மாவிடம் வைத்தியம் கற்றவர். கிரிமியப் போருக்குச் செவிலியாக அனுப்பும்படி லண்டனில் கேட்டுப் பார்த்தார், மறுத்துவிட்டார்கள். சொந்தக் காசில் கப்பலேறி, 1855இல் பாலக்லாவா அருகே ஒரு விடுதி நடத்தினார். அதில் சாப்பாடு விற்றார், நோயாளிகளைப் பார்த்தார், மருந்துப் பையோடு போர்க்களத்துக்கும் போனார். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலை எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1860இல் அவர் செவிலியர் பள்ளி தொடங்கியது லண்டனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில். அந்த மருத்துவமனையின் இன்றைய வளாகத்தில் சீகோலுக்குச் சிலை எழுந்தது 2016இல். நைட்டிங்கேலின் பெயரை அகார்ட் அடித்துவிடவில்லை என்பதையும் கவனிக்கச் சொன்னேன். பக்கத்தில் இன்னொரு பெயரை எழுதுகிறார், அவ்வளவுதான்.

எனக்கு இந்தக் கவிதை பிடிக்கக் காரணம் கோபம் மட்டுமல்ல, முடிவில் உளியைக் கையில் எடுப்பதுபோல் அவர் தன் அடையாளத்தைத் தானே செதுக்க உட்கார்வதுதான். சொல்லாமல் விட்டதற்காக யாராவது வந்து வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று காத்திருப்பதில்லை.

டீ ஆறிப்போயிருந்தது. "கயானாவுல நம்மாளுங்க இருக்காங்களா பெரியம்மா?"

இருக்கிறார்கள். 1838இல் அங்கே அடிமை முறை முழுதாக ஒழிந்தபோது கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. அதே ஆண்டு கல்கத்தாவிலிருந்து 'விட்பி', 'ஹெஸ்பரஸ்' என்று இரண்டு கப்பல்கள் ஒப்பந்தக் கூலிகளோடு கயானாவுக்குப் போய்ச் சேர்ந்தன. சில ஆண்டுகளில் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் கிளம்பின. 1917 வரை போன இந்தியர்கள் ஏறத்தாழ 2,39,000 பேர். சென்னையில் ஏறியவர்கள் அதில் சிறு பங்குதான். ஆனால் அவர்கள் கொண்டுபோன மாரியம்மனுக்கு இன்றும் அங்கே உடுக்கையும் வேப்பிலையுமாகப் பூஜை நடக்கிறது. அந்த வழிபாட்டுக்காரர்களுக்கு 'மதராசி' என்றே பெயர்.

"இது உங்க ஸ்கூல் புக்ல இருந்துச்சா?"

இல்லை. பானிப்பட் போர்கள் மூன்றின் ஆண்டையும் ஒப்பித்திருக்கிறேன். இந்தக் கப்பல்களைப் பற்றி நாற்பது வயதுக்குப் பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தைத் திரும்ப இழுத்து, 1066 என்று அச்சாகியிருந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் 1838 என்று எழுதினாள். பிறகு முதலிலிருந்து படிக்கத் தொடங்கினாள், டம்ளரைத் தட்டாமல்.