தலவாக்கலையில் பெய்யும் மழை கந்தளாயில் நெல்லாகிறது, தெரியுமா?

யட்டவத்த மலைப்பக்கமிருந்து மாத்தளைக்கு இறங்குகிறவர்கள் சுது கங்கையை ஓர் ஓடை அளவுக்குத்தான் மதிப்பார்கள். மூங்கில் புதர், மிளகுக் கொடி, கிராம்பு மரம், கிழக்கே மேகத்தை உடுத்திக்கொண்டு நக்கிள்ஸ் மலைத்தொடர். நடுவே சலசலவென்று ஒரு சின்ன ஆறு. பார்க்க அழகு, அவ்வளவுதான் என்று நினைத்தால் ஏமாந்தோம்!

இதில் ஓடும் தண்ணீரில் பெரும்பங்கு இதனுடையதே அல்ல, தெரியுமா? தலவாக்கலைத் தேயிலைத் தோட்டங்களில் விழும் மழை கொத்மலை ஓயா வழியாக மகாவலியில் சேர்ந்து கண்டிக்கு வருகிறது. பொல்கொல்லவில் ஓர் அணை அதில் ஒரு பங்கை மறித்து மலைக்குள் அனுப்புகிறது. ஏறத்தாழ 8 கிலோமீட்டர் சுரங்கம்! மறுபக்கம் உக்குவெலயில் வெளியே வந்து, மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டு, சுது கங்கையில் விழுகிறது. 1976 முதல் இப்படித்தான். நாட்டின் மிக நீளமான ஆற்றைத் தன் மடியில் வாங்கிக்கொண்ட ஆறு இது.

அந்த நீரோடு மாத்தளை நகரைத் தாண்டி, அலுவிகாரைப் பக்கமாக வடக்கே போகிறது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் ஏட்டில் ஏறியதாகச் சொல்லப்படும் அதே அலுவிகாரை! பிறகு போவதென்ன நீர்த்தேக்கம். அங்கே நடப்பதுதான் உச்சம்: தண்ணீர் இரண்டாகப் பிரிகிறது.

ஒரு பங்கு இன்னொரு சுரங்கத்துக்குள் புகுந்து தம்புள்ளைப் பக்கமாகக் கலாவாவிக்கு ஓடுகிறது. அங்கிருந்து அநுராதபுரத்தின் திஸ்ஸ வாவிக்குப் போவது ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் வெட்டிய ஜய கங்கைக் கால்வாய். நீளம் 87 கிலோமீட்டர். அதன் முதல் 17 மைலில் சரிவு எவ்வளவு தெரியுமா? மைலுக்கு ஆறே அங்குலம்! இன்றைய அளவுக் கருவி ஒன்றும் இல்லாமல், மண்வெட்டியை வைத்துக்கொண்டு அந்த ஆறங்குலத்தை எப்படிப் பிடித்தார்கள்? எனக்கு இன்னும் தலை சுற்றுகிறது.

மற்றப் பங்கு அம்பன் கங்கை என்ற பெயரோடு கிழக்கே போகிறது. எலஹெரவில் அதை மறித்து முதலில் வாய்க்கால் வெட்டியவன் வசப மன்னன் என்கிறது மகாவம்சம். ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன்! மகாசேன மன்னன் காலத்தில் அந்த வாய்க்கால் மின்னேரியாக் குளத்துக்கு நீண்டது. பின்னாளில் கவுடுல்ல, அதற்கப்பால் கந்தளாய். கந்தளாய்க் குளத்தைக் கட்டியவன் குளக்கோட்டன் என்பார்கள் திருகோணமலைத் தமிழர். யார் கட்டினால் என்ன, தம்பலகாமத்து வயல்கள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். மலையகத்தில் கொழுந்து பறிப்பவரின் தலையில் விழுந்த மழை, கிழக்கில் ஒரு தமிழ் உழவரின் வரப்பில் போய் நிற்கிறது!

பொலன்னறுவையின் பராக்கிரம சமுத்திரத்தை நிரப்புவதும் இதே அம்பன் கங்கைதான். அதைச் சொல்லப்போனால் தனிக் கட்டுரை வேண்டும்.

இந்த நீருக்காக ஒரு கோயிலே இடம்பெயர்ந்தது தெரியுமா? மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே நாலந்தா கெடிகே. பல்லவர் பாணியில் எழுந்த கற்கட்டடம். மாமல்லபுரம் பார்த்தவர்களுக்குச் சட்டென்று பழகிய முகமாகத் தெரியும். போவதென்ன நீர்த்தேக்கம் அதை மூழ்கடித்துவிடும் என்றானதும், கல் கல்லாகக் கழற்றி, மேட்டில் மறுபடி அடுக்கினார்கள். 1980இல் வேலை முடிந்தது.

ஆனால் எல்லாரும் இடம்பெயர முடிவதில்லை. வறண்ட ஆகஸ்ட், செப்டெம்பரில் மின்னேரியாக் குளம் வற்றும்போது கரையில் முளைக்கும் இளம்புல்லுக்காக யானைகள் நூற்றுக்கணக்கில் கூடும். உலகமே கமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் காட்சி. அம்பன் கங்கையின் குறுக்கே மொரகஹகந்த அணை வந்து 2017இல் நிரம்பத் தொடங்கிய பிறகு, கோடையிலும் குளத்தில் நீர் நிற்கிறது. உழவருக்கு அது வரம். யானைக்கோ புல் தண்ணீருக்கு அடியில்! குளத்து நீரை எப்போது, எவ்வளவு திறந்துவிடுவது என்று வனவிலங்கு ஆர்வலர்களும் மகாவலி அதிகாரிகளும் மல்லுக்கட்டும் நிலை அப்படித்தான் வந்தது.