மாத்திரை அவருக்கு, டென்ஷன் ரெண்டு பேருக்கும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

ஹெட்ஃபோன் போட்டிருக்கீங்கன்னு நம்பி ஆரம்பிக்கிறேன். ஆபீஸ் கேப்ல ஸ்பீக்கர்ல ஓடிட்டிருந்தா, தயவுசெஞ்சு இப்பவே நிறுத்திட்டு வீட்டுக்குப் போய்க் கேளுங்க.

இன்னைக்கு எபிசோடுக்குக் காரணம் ஒரு மெயில். எழுதினவங்களுக்கு 29 வயசு, கல்யாணமாகி ரெண்டு வருஷம். கணவருக்கு விறைப்பு சரியா வர்றதில்லை, வந்தாலும் நிக்கிறதில்லை. எட்டு மாசம் ரெண்டு பேரும் எதுவும் பேசாம ஓட்டி, ஒருவழியா டாக்டரைப் பார்த்து சிகிச்சை ஆரம்பிச்சிருக்காங்க. மெயிலோட கடைசி வரி இது: "அவர் என்ன செய்யணும்னு டாக்டர் சொல்லிட்டார். நான் என்ன செய்யணும்னு யாரும் சொல்லலை."

அந்தக் கேள்விக்குத்தான் இன்னைக்கு பதில். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதெல்லாம் டாக்டர் விஷயம், அதுக்குள்ள நான் போகலை. 'கணவர்', 'மனைவி'ன்னு சொல்லிக்கிட்டே போவேன். காதலிக்கிறவங்க, சேர்ந்து வாழறவங்க, ஆண்-ஆண் ஜோடிகள் எல்லாருக்கும் இதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

முதல்ல உடம்பு எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்துடலாம். இது புரிஞ்சா பாதி சண்டை குறையும். விறைப்பு என்பது அடிப்படையில் ரத்த ஓட்டம். கிளர்ச்சி வந்ததும் ஆணுறுப்பில் இருக்கிற நரம்பு முனைகள் நைட்ரிக் ஆக்ஸைடை வெளியிடும். அதனால் உள்ளே இருக்கிற மென்தசைகள் தளரும், ரத்தம் வேகமா வந்து நிரம்பும், வெளியே போற சிரைகள் அழுந்தி மூடிக்கும். அவ்வளவுதான். பயமும் பதற்றமும் வந்தா இதுக்கு நேர் எதிரா நடக்கும். அட்ரினலின் ஏறும், ரத்தக்குழாய் சுருங்கும். நாய் துரத்தும்போது ஓடுறதுக்கு உடம்பு தயாராகுமில்லையா, அதே ஏற்பாடுதான். அந்த நேரத்தில் விறைப்பு உடம்புக்குத் தேவையில்லாத வேலை.

அதனால்தான் 'இன்னைக்கு எப்படியாவது சரியா வரணும்'னு நினைச்சா வரவே வராது. மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1970-ல வெளியிட்ட புத்தகத்தில் இதை நல்லா விளக்கினாங்க. படுக்கையில் இருக்கும்போதே அந்த ஆள் தன்னைத்தானே வேடிக்கை பார்க்க ஆரம்பிச்சிடுறார். வருதா, நிக்குதா, போயிடுச்சான்னு ஸ்கோர்போர்டு பார்த்துக்கிட்டே இருந்தா யார்தான் ஆட முடியும்? அவங்க செஞ்ச இன்னொரு முக்கியமான விஷயம், நோயாளியாக ஒருத்தரை மட்டும் பார்க்காம ஜோடியைப் பார்த்தது.

சரி, மெயிலில் இருந்த இன்னொரு வரிக்கு வருவோம். "காலையில் அவருக்கு நல்லா வருது. என்கூட இருக்கும்போதுதான் வரலை. அப்போ பிரச்னை நான்தானே?" இதை எத்தனை பேர் மனசுக்குள்ள வச்சுக்கிட்டு அழுதிருப்பாங்களோ தெரியலை. உண்மை வேற. காலை விறைப்புக்கும் ஆசைக்கும் சம்பந்தமே கிடையாது. தூக்கத்தில் கனவு வர்ற கட்டத்தில் ராத்திரி பல தடவை அது தானா வந்து போகும். கடைசியா வந்தது, முழிக்கும்போது தெரியுது. அதில் டாக்டருக்குக் கிடைக்கிற தகவல் ஒண்ணுதான்: நரம்பும் ரத்தக்குழாயும் பெரும்பாலும் சரியா வேலை செய்யுது, பதற்றத்தின் பங்குதான் அதிகமா இருக்கலாம். உங்க அழகைப் பத்தியோ, உங்க மேல அவருக்கு இருக்கிற பிரியத்தைப் பத்தியோ அது எதுவும் சொல்லலை.

அதுக்காக 'எல்லாம் மனசுதான்'னு முடிச்சிடவும் கூடாது. ஆணுறுப்புக்குப் போற தமனிகள் 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலம்தான். இதயத்துக்குப் போறது 3, 4 மில்லிமீட்டர். குழாய்க்குள்ள அடைப்பு சேர ஆரம்பிச்சா சின்னக் குழாயில்தான் முதல்ல தெரியும். அதனால் விறைப்புப் பிரச்னை சில பேருக்கு மாரடைப்புக்குச் சில வருஷம் முன்னாடியே அடிக்கிற மணி. சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால், காலையில் எடுக்கிற டெஸ்டோஸ்டிரோன், இந்த டெஸ்ட்டுகளை டாக்டர் எழுதிக்கொடுத்தும் அவர் தள்ளிப்போடுறாரா? இங்கே நீங்க தாராளமா நச்சரிக்கலாம். 'ஆண்மைக் குறைவு'ங்கிற வார்த்தையை எடுக்காமலே, "வா, ரெண்டு பேரும் சேர்ந்தே ஒரு ஹெல்த் செக்கப் எடுத்துடுவோம்"னு சொல்லலாம். (அந்த 'ஆண்மைக் குறைவு' என்ற சொல்லையே தூக்கிப் போட்டுடலாம்னு எனக்குத் தோணும். ரத்த ஓட்டக் குறைபாட்டுக்கும் ஆண்மைக்கும் என்ன சம்பந்தம்?)

அவர் சாப்பிடுற எல்லா மாத்திரையையும் ஒரு சீட்டில் எழுதி டாக்டர்கிட்ட கொண்டுபோகச் சொல்லுங்க. சில பிரஷர் மாத்திரை, மனச்சோர்வுக்கான சில மாத்திரை, முடி கொட்டுதுன்னு பசங்க சாப்பிடுற ஃபினாஸ்டிரைடு, இதெல்லாம் விறைப்பையோ ஆசையையோ பாதிக்கலாம். ஆனா எதையும் நீங்களாவே நிறுத்தச் சொல்லாதீங்க. மாத்திப் பார்க்கலாமான்னு முடிவெடுக்கிறது டாக்டர்.

இப்போ மாத்திரைக்கு வருவோம். சில்டெனாஃபில், அதாவது வயாகரா, முதலில் நெஞ்சுவலிக்காக ஃபைசர் கம்பெனி ஆராய்ச்சி செஞ்ச மருந்து. அந்த வேலைக்குப் பெருசா உதவலை, பக்க விளைவு வேற மாதிரி இருந்துச்சு. 1998 மார்ச்சில் அமெரிக்காவில் விறைப்புக் கோளாறுக்கு அனுமதி கிடைச்சது. நிறைய பேர் நினைக்கிற மாதிரி இது சுவிட்ச் கிடையாது. மாத்திரையே விறைப்பை உண்டாக்காது. கிளர்ச்சியால் வர்ற ரசாயனத்தைச் சீக்கிரம் அழியவிடாம காப்பாத்தும், அவ்வளவுதான். மாத்திரையைப் போட்டுட்டு ரெண்டு பேரும் ரீல்ஸ் பார்த்துக்கிட்டே, 'இன்னும் ஒண்ணும் ஆகலையே'ன்னு காத்திருந்தா ஒண்ணும் ஆகாது.

வேலை செய்ய ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். முன்னாடி பிரியாணி மாதிரி கொழுப்புச் சாப்பாடு சாப்பிட்டா சில்டெனாஃபில் இன்னும் தாமதமாகும். டடாலாஃபில்னு இன்னொரு மாத்திரை 36 மணி நேரம் வரைக்கும் பலன் தரும். கடிகாரம் பார்த்து நெருங்குறதே உங்களுக்கு வெறுத்துப்போச்சுன்னா, அதைப் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. முதல் ரெண்டு தடவை சரியா வராததை வச்சு மருந்து வேலை செய்யலைன்னு முடிவு கட்டாதீங்க. 'மாத்திரை போட்டாச்சா? எத்தனை மணிக்கு?'ன்னு கேட்கிற டைம்கீப்பர் வேலையையும் எடுத்துக்காதீங்க. ஸ்கோர்போர்டு பார்க்க ஏற்கெனவே அவர் ஒருத்தர் இருக்கார்.

நீங்க கட்டாயம் தெரிஞ்சு வச்சுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற நைட்ரேட் மாத்திரையும் இதுவும் சேரவே கூடாது. ரத்த அழுத்தம் அபாயகரமா இறங்கும், உயிரே போகலாம். பார்ட்டிகளில் முகர்ற பாப்பர்ஸும் இதே வகை ஆபத்துதான். அவருக்கு நெஞ்சுவலின்னு எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போனா, இந்த மாத்திரை சாப்பிட்டிருக்கார், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்னு நீங்க வாயைத் திறந்து சொல்லணும். கூடவே மாமனார் நின்னாலும் சொல்லணும். அதேபோல விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல இறங்காம இருந்தா, இல்ல திடீர்னு பார்வை போனா, உடனே ஆஸ்பத்திரி. தலைவலி, முகம் சூடாகிறது, மூக்கடைப்பு இதெல்லாம் சகஜமா வர்றது.

மாத்திரை பலன் தராட்டி ஊசி, வேக்யூம் பம்ப், உள்ளே பொருத்துற கருவின்னு அடுத்தடுத்து வழிகள் இருக்கு. 1983-ல லாஸ் வேகாஸில் நடந்த யூராலஜி மாநாட்டில் ஜைல்ஸ் பிரிண்ட்லி என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர், ஊசியைத் தனக்கே போட்டுக்கிட்டு வந்து, அது வேலை செய்யுதுன்னு மேடையிலேயே பேன்ட்டை இறக்கிக் காட்டினார். அறிவியல் வரலாற்றில் எனக்குப் பிடிச்ச பவர்பாயின்ட் இல்லாத பிரசன்டேஷன் அதுதான்.

டாக்டருக்குத் தெரியாம லேகியம், 'ஹெர்பல்' கேப்ஸ்யூல் வாங்குற ஆளா இருந்தா கவனம். பாலியல் சக்தியைக் கூட்டும்னு மருந்துக்கு விளம்பரம் செய்யறதையே 1954-ல வந்த மத்திய சட்டம் தடை பண்ணுது. ஆனாலும் போஸ்டரைப் பார்க்காம நம்ம ஊரில் ஒரு பஸ் ஸ்டாண்டைத் தாண்ட முடியாது. இயற்கைன்னு விக்கிற பல சரக்கில் சில்டெனாஃபில் கலந்திருந்ததை அமெரிக்க எஃப்.டி.ஏ. திரும்பத் திரும்பக் கண்டுபிடிச்சிருக்கு. எவ்வளவு கலந்திருக்குன்னு டப்பாவில் போட்டிருக்காது.

இனிமே வீட்டுக்குள்ள. பல தெரபிஸ்டுகள் கொடுக்கிற ஒரு பயிற்சி இருக்கு, அதுவும் மாஸ்டர்ஸ்-ஜான்சன் கொண்டுவந்ததுதான். சில வாரத்துக்கு உடலுறவுக்குத் தடை. ஒருத்தரை ஒருத்தர் தொடலாம், முதுகு, கை, தலைன்னு. மார்பும் பிறப்புறுப்பும் ஆரம்பத்தில் கிடையாது. விறைப்பு வந்தாலும் ஒண்ணும் செய்ய வேண்டாம், போனாலும் பரவாயில்லை. தோலில் என்ன உணர்வு வருதுன்னு மட்டும் கவனிக்கணும். படிப்படியா அடுத்த கட்டம். 'தடை'ன்னு டாக்டரே சொல்லிட்டதால் பரீட்சை ரத்தான மாதிரி ஒரு நிம்மதி வரும், அந்த நிம்மதிதான் மருந்து. டூ பெட்ரூம் ஃப்ளாட்டில் பக்கத்து ரூமில் அம்மா அப்பா இருக்கும்போது இது எங்கேங்க நடக்கும்னு கேட்பீங்க. நியாயம். தாழ்ப்பாள் சரியா விழுதான்னு பார்த்து மாத்துறதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

பேச்சு விஷயத்தில், சரியா வராத அந்த நிமிஷத்தில் நீளமா பேசாதீங்க. "பரவாயில்லை"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்தா, அது பரவாயில்லைன்னு அவர் காதில் விழாது. கையை எடுக்காம பக்கத்திலேயே இருங்க. மற்றதைப் படுக்கையைவிட்டு வெளியில் பேசுங்க. பைக்கில் போகும்போது பேசறது ரொம்ப வசதி, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டியதில்லை. "எனக்கு உன் பக்கத்துல இருக்கணும்டா, அது நடக்காம போறதுதான் கஷ்டமா இருக்கு"ன்னு சொல்றதும், "உனக்கு எப்போ சரியாகும்?"னு கேட்கிறதும் ஒண்ணு இல்லை. வேற எதுக்கோ நடக்கிற சண்டையில் இதை எடுத்து வீசினீங்கன்னா, அதைத் திரும்ப எடுக்க ரொம்ப நாளாகும்.

உங்களுக்கும் கோபம் வரும். ஏமாற்றமா இருக்கும், தனியா இருக்கிற மாதிரி இருக்கும். அதை வெளியே சொன்னா துரோகம் இல்லை. யார் ஒருத்தர்கிட்ட நீங்க மனசு விட்டுப் பேசலாம்னு ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணிக்கோங்க. கவுன்சலரா இருந்தா இன்னும் நல்லது. அவர் மாத்திரை போட்டுட்டார், வேஸ்ட் ஆயிடுமேன்னு விருப்பமில்லாத நாளில் நீங்க சம்மதிக்க வேண்டியதே இல்லை. மாத்திரை வேஸ்டானா போகட்டும்.

கடைசியா, நம்ம ஊரில் இந்தப் பிரச்னையோட பாரம் யார் தலையில் விழுதுன்னு பாருங்க. கல்யாணமான ஆறாவது மாசத்திலிருந்து "ஏதாவது விசேஷம் உண்டா?"ங்கிற கேள்வி அவகிட்டதான் வரும். கோயிலுக்கு, அரசமரத்துக்கு, மகப்பேறு டாக்டருக்குன்னு கூட்டிட்டுப் போறதும் அவளைத்தான். அவர் மானத்தைக் காப்பாத்த அவ வாயை மூடிக்கிட்டு எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டு வருவா. ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க: விறைப்பு வரலைன்னா விந்தணு இல்லைன்னு அர்த்தம் கிடையாது. குழந்தை வேணும்னா அதை டாக்டர்கிட்ட தனியா சொல்லுங்க, விறைப்பு சரியாகிறதுக்காகக் காத்திருக்காமலே போக வழி இருக்கு.

ஆனா அந்தக் கேள்விக்கு பதில் சொல்ற வேலை அவருடையது. இதை மட்டும் அவர்கிட்ட கறாரா கேளுங்க. வியாதியோட பெயரைச் சொல்ல வேண்டாம். "அம்மா, நாங்க ரெண்டு பேரும் டாக்டரைப் பார்த்துக்கிட்டிருக்கோம். இனிமே அவகிட்ட கேட்காத, என்கிட்ட கேளு." இவ்வளவு போதும். இந்த வார ஞாயித்துக்கிழமை அம்மா போன் பண்ணும்போதே சொல்லிடச் சொல்லுங்க.