ராம் எத்தனை ஜிபி? எந்த ஸ்லாட்டில்?

கம்ப்யூட்டர் வாங்கும்போது ராம் எத்தனை ஜிபி என்று எல்லோரும் கேட்கிறோம். அது எந்த ஸ்லாட்டில் மாட்டப்பட்டிருக்கிறது என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை, கள்ளக்குறிச்சியில் மாமாவின் சேகோ ஆலை சர்வரைத் திறந்து பார்க்கும் வரை.

கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறங்கும் சீசன் அது. சாயங்காலக் கணக்கு ஓடி முடிந்தால்தான் விவசாயிகளுக்குச் சீட்டு. அதற்கு 20 நிமிடம் பிடித்தது. வெள்ளிமலைக்குக் கடைசி பஸ்ஸைச் சிலர் தவறவிட்டார்கள். புரோகிராம் எழுதியவன் நான் என்பதால் திட்டும் எனக்குத்தான்.

இரண்டு இரவுகள் குவெரிகளை மாற்றிப் பார்த்தேன். பலனில்லை. கடைசியில் கேபினட்டைத் திறந்தேன். பழைய சர்வர், இரண்டு ஸியான் இ5 பிராசசர்கள். 8 ஜிபி மெமரி எட்டு. எட்டையும் முதல் பிராசசர் பக்கமே மாட்டி விற்றிருந்தார்கள்!

இதில் என்ன தவறு? இவ்வகைப் பிராசசர் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக நான்கு மெமரி சேனல்கள் உண்டு. சேனலை குடோன் கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை முழுவதும் ஒரு குடோனில் இருந்தால், அடுத்த குடோனின் நான்கு கதவுகளும் சும்மா கிடக்கும். அங்குள்ள ஆட்கள் ஒவ்வொரு மூட்டைக்கும் பக்கத்துக் குடோனுக்கு ஓட வேண்டும். டேட்டாபேஸோ ஓயாமல் மூட்டை கேட்கும் ஆசாமி.

மூடியின் உட்புறப் படத்தைப் பார்த்து, பக்கத்துக்கு நான்காக, சேனலுக்கு ஒன்றாக மாற்றினேன். ஒரு ரூபாய் செலவில்லை. கணக்கு 13 நிமிடத்தில் முடிந்தது. (மிச்ச தாமதம் என் புரோகிராமுடையது. அதை ஒப்புக்கொள்ள இன்னும் ஒரு வாரம் ஆனது.)

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் இரண்டு சேனல்கள் இருக்கும். டிடிஆர்4 3200 மெமரி ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி வரை தரும். இரண்டு சேனலிலும் இருந்தால் 51.2. எனவே 16 ஜிபி ஒன்றைவிட 8 ஜிபி இரண்டு நல்லது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்கு விளையாட்டுகளில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். நான்கு ஸ்லாட் மதர்போர்டு என்றால் பொதுவாகப் பிராசசரிலிருந்து இரண்டாவது, நான்காவது ஸ்லாட்கள். மதர்போர்டு கையேட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

திறக்காமலே சோதிக்கலாம். சிபியு-இசட் என்ற இலவச புரோகிராமை இயக்கி, மெமரி டேபில் கிளிக் செய்திடுங்கள். டிடிஆர்4 கம்ப்யூட்டரில் சேனல் என்ற இடத்தில் இரண்டு சேனல்கள் என்று காட்டினால் சரி. ஒரே சேனல் என்று காட்டினால், மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் இரும்பைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிய பிறகே மெமரியில் கை வையுங்கள்.