சிறைப்புறத்தார் கேட்ட பாட்டு
(புதுக்கோட்டை அறிவொளியும் மகளிர் மிதிவண்டியும்)

கலை இன்பம் பயப்பது. அதனோடு அறிவும் ஊட்டுவது என்பர் திறனாய்வாளர். ஆயினும், ஒரு பாட்டோ நாடகமோ சமுதாய வழக்கம் ஒன்றை உண்மையிலேயே மாற்றியதுண்டா என வினவினால் விடை கூறச் சற்றுத் தயங்குகிறோம். பெண்ணுரிமை பற்றிய பாடல்களுக்குத் தமிழில் என்ன குறை? பாரதியும் பாரதிதாசனும் பாடாததா? பாட்டு மேடையில் நிற்க, வாழ்க்கை தன் பழைய வழியிலேயே நடந்ததுதான் பெரும்பாலும் நாம் கண்ட காட்சி. இதற்கு விலக்காக அமைந்த ஒரு நிகழ்ச்சி நம் மாநிலத்திலேயே உண்டு. 1991 ஆம் ஆண்டு முதல் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடைபெற்ற அறிவொளி இயக்கத்தையே ஈண்டுக் குறிப்பிடுகின்றேன்.

இயக்கத்தின் பின்னணி

இந்திய அரசு 1988 இல் தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. 1990 பிப்ரவரியில் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. ஊர் ஊராகச் சென்று பாடியும் நடித்தும் மக்களைத் திரட்டும் கலைப்பயண முறையைக் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் முன்னரே வளர்த்திருந்தது. தமிழகத்தில் அம்முறையைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் மேற்கொண்டனர். புதுக்கோட்டையில் மாவட்ட ஆட்சித் தலைவராயிருந்த ஷீலா ராணி சுங்கத் இயக்கத்திற்கு ஊக்கமாக நின்றார். கற்க வந்தவருள் பெண்களே மிகுதி. கற்பித்த தொண்டருள்ளும் இளம்பெண்கள் பலர்.

கலைப்பயணக் குழுவிற்குத் திரையில்லை, ஒப்பனையும் இல்லை. ஊர்ப் பொதுவிடமே அரங்கு. கொட்டோசை கேட்டு வேலை முடித்து வந்தோர் சுற்றி நிற்பர். கூலிக் கணக்கு அறியாது ஏமாறுதல், கைநாட்டு, பெண் குழந்தையின் படிப்பை நிறுத்துதல் போன்றவை சிறு நாடகங்களாக வரும். தெருக்கூத்தில் பெண் வேடமும் ஆடவரே புனைவது மரபு. இங்கோ பெண்களும் குழுவில் இடம்பெற்று ஊர் நடுவே நின்று பாடினர். சொன்ன செய்தியினும் அவர்கள் நின்ற நிலையே பெரிய செய்தி எனலாம்.

யாருக்குப் பாடிய பாட்டு?

அறிவொளித் தொண்டர் முத்து பாஸ்கரன் மிதிவண்டி பற்றி இயற்றிய பாட்டு அவ்வியக்கத்தின் அடையாளப் பாடலாயிற்று. அது தங்கையை விளித்து, மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொல்லும் பாட்டு. தமிழ் மாணவர் கருதத்தக்க நுட்பம் ஒன்று இதிலுண்டு. அகப்பாடல்களில், தலைவன் சிறைப்புறத்தானாக இருக்கத் தோழி தலைவிக்குச் சொல்லுவதாக ஒரு துறை வரும். சொல் தலைவியை நோக்கியது. பயனோ வேலிக்கு அப்பால் நின்று கேட்பவனிடத்தது. மிதிவண்டிப் பாட்டும் அத்தகையதே. விளிக்கப்பட்டவள் தங்கை, உண்மையில் கேட்க வேண்டியவர், கூட்டத்தின் ஓரத்தில் கைகட்டி நின்ற தந்தையும் தமையனும் ஊர்ப் பெரியவர்களுமே ஆவர். வீட்டிற்குள் ஒரு பெண் தனித்து நின்று இசைவு கேட்டிருந்தால் ஒரு சொல்லில் மறுத்திருக்கலாம். ஊர் முழுவதும் கேட்கப் பாடிய பிறகு அது ஒரு வீட்டுப் பெண்ணின் பிடிவாதமாக இராமல் பொதுப் பேச்சாகி விடுகிறது. என் கருத்தில், பொதுவிடக் கலை பெண்களுக்குச் செய்யக்கூடிய பேருதவி இதுதான். அறிவுரை கூறுவதெல்லாம் அதற்குப் பின்னரே.

மிதிவண்டி வந்த வழி

எனினும் பாட்டு மட்டும் போதுமாயிருக்கவில்லை. கற்பித்தல் நிலையங்களை மேற்பார்க்கும் பெண்கள் ஊர் விட்டு ஊர் செல்ல வேண்டும். வகுப்புகளோ பொழுது சாய்ந்த பின்னர் நடப்பவை. பேருந்து நேரம் அதற்கு ஒத்து வருமா? ஆகவே மிதிவண்டி ஓட்டக் கற்பிப்பதையும் இயக்கத்தின் பணியாகவே ஆட்சியர் சேர்த்தார். வாங்க முனைந்த பெண்களுக்கு வங்கிக் கடன் கிடைக்க வழி செய்யப்பட்டது. ஒன்றியந்தோறும் பொறுப்புகள் வகுக்கப்பட்டன. கற்றவள் மற்றொருத்திக்குக் கற்பித்தாள். 1992 மகளிர் நாளன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியொலித்துப் புதுக்கோட்டை நகரில் வலம் வந்தனர். பொது நிகழ்ச்சிகளில் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டி ஓட்டிக் காட்டியதாக இதழாளர் பி. சாய்நாத் தம் 1996 ஆம் ஆண்டு நூலில் எழுதியுள்ளார்.

தொடக்கத்தில் ஏச்சும் கேலியும் இல்லாமல் இல்லை. தகாத சொற்களும் எழுந்தன. பெண்கள் ஓட்டும் வண்டிகள் கடைகளில் போதாதபோது பலர் ஆடவர் வண்டியையே வாங்கினர். குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்திச் செல்லலாம் என்பதால் அதனையே விரும்பியவரும் உண்டு. பிள்ளையை இறக்கி வைத்து விட்டு ஓடுவதன்று, பிள்ளையோடும் தண்ணீர்க் குடத்தோடும் விளைபொருளோடும் செல்வதே அவர்கள் கண்ட விடுதலை. பேருந்துக்காகக் காத்திருந்த நேரம் மிஞ்சியது. விற்கச் செல்லும் ஊர்களின் எண்ணிக்கை கூடிற்று.

கட்டுப்பாடு மிக்க முஸ்லிம் குடும்பங்களின் இளம்பெண்களும் சாலையில் மிதிவண்டியில் சென்றதைச் சாய்நாத் குறித்துள்ளார். நம் பெரியவர்கள் இதனைச் சிந்தித்தல் நலம். மேனிலைப் பள்ளி அடுத்த ஊரில் இருப்பது ஒன்றே காரணமாகப் படிப்பை இழந்த பெண்கள் எல்லாச் சமூகத்திலும் உளர்; நம்மிடையேயும் அவர்கள் குறைவல்லர். அங்கே ஒழுக்கம் குறுக்கே நின்றது என்பதைவிட, நான்கு கல் தொலைவு நின்றது என்பதே பொருந்தும்.

மிதிவண்டி வந்ததனால் கூலி சமமாகவில்லை, நிலம் பெண்கள் பெயருக்கு மாறவில்லை, வரதட்சணையும் ஒழியவில்லை. ஆட்சியர்கள் மாற, இயக்கத்தின் வேகமும் தணிந்தது. ஆனால் ஓட்டக் கற்றதை யாரும் திரும்பப் பெற இயலாது. தமிழக அரசு 2001 இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கிப் பின்னர் அத்திட்டத்தைப் பிறர்க்கும் விரித்தது. 2021 மே முதல் நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கின்றனர். சீருடையில் மிதிவண்டியேறிச் செல்லும் மாணவியை இன்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நம் கல்லூரிகளில் மகளிர் நாள் ஆண்டுதோறும் வருகிறது. கோலப் போட்டி, பேச்சுப் போட்டி, மகளிர் முன்னேற்றத்திற்குத் தடை ஆண்களா பெண்களா என்றொரு பட்டிமன்றம். நடுவர் தீர்ப்புக் கூறியதும் அனைவரும் கலைந்து விடுகின்றனர். அவ்வரங்கில் சிறைப்புறத்தார் எவரும் இல்லை; ஏற்கெனவே உடன்பட்டவர்களே கேட்டுக் கைதட்டுகின்றனர். வகுப்பு முடிந்தபின் நூலகத்தில் தங்கிப் படிக்க வீட்டில் இசைவு பெறாத மாணவியைப் பற்றி நம் துறை மாணவர் ஒரு நாடகம் எழுதுவாராயின், அதனைக் கல்லூரி அரங்கில் அன்று, அவள் ஊர்ப் பொதுவிடத்தில் நடிக்க வேண்டும். எழுதுமுன், அவ்வூருக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரித்து, அது முன்னதாகவே போய்விடுமாயின், நேரத்தை மாற்றக் கோரும் விண்ணப்பம் ஒன்றையும் ஊராரிடம் கையொப்பம் பெற்றுப் போக்குவரத்துக் கழகத்திற்கு அனுப்ப வேண்டும்.