ஏவலும் வினாவும்: தொழிலகத்தில் முகாமையாளரின் மொழி பற்றிய ஒரு நோக்கு

முகாமைத்துவம் பற்றிய பாடநூல்கள் தலைமைத்துவத்தையும் தொடர்பாடலையும் தனித்தனி அத்தியாயங்களில் விளக்குவது வழக்கம். பிறரைக் கொண்டு ஒரு கருமத்தை நிறைவேற்றும் ஆற்றல் தலைமைத்துவம் என்றும், அக்கருமத்துக்கு வேண்டிய செய்தியைத் தெளிவுற உணர்த்தும் ஆற்றல் தொடர்பாடல் என்றும் அவை கூறும். இவ்விரு வரையறைகளிலும் பேசுபவர் முகாமையாளர், கேட்பவர் தொழிலாளர். கட்டளை மேலிருந்து கீழே செல்வது எளிது. உண்மை கீழிருந்து மேலே செல்வது அரிது. அவ்வரிய வழியைத் திறந்துவைத்தலே முகாமையாளர் பயிலவேண்டிய முதன்மைத் திறன் என்பதையும், அத்திறன் வெறும் பேச்சுத் திறன் அன்று என்பதையும் வரலாற்றுச் சான்றுகள் சிலவற்றின் துணைகொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் இலக்கணம் வழங்கும் பாகுபாடு ஒன்று இதற்குப் பெரிதும் பயன்படும். நன்னூலார் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாக வகுத்தார். விடையைச் சுட்டு, மறை, நேர், ஏவல், வினாவெதிர் வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என எட்டாக வகுத்தார். தான் அறிந்ததொன்றைப் பிறர் அறிவரோ எனச் சோதித்தற்குக் கேட்பது அறிவினா. தான் அறியாததை அறிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. வினாவின் உருவில் ஒரு கருமத்தைச் செய்யுமாறு பணிப்பது ஏவல்வினா. "இந்த இயந்திரம் ஏன் நின்றது?" என்று ஒரு மேற்பார்வையாளர் கேட்கிறார் எனக் கொள்வோம். இவ்வொரு வாக்கியமே குற்றச்சாட்டாகவும், "உடனே இயக்கு" என்ற கட்டளையாகவும், உண்மையில் விடை வேண்டிய வினாவாகவும் அமையலாம். எதுவாக அமையும் என்பதைச் சொற்கள் தீர்மானிப்பதில்லை. கேட்பவரின் அதிகாரமும், முன்னர் உண்மை சொன்னவர்களுக்கு நேர்ந்த கதியுமே தீர்மானிக்கின்றன.

ஏவலின் மொழி

ஏவலையே மொழியாகக் கொண்ட முகாமைக்கு நமது நாட்டின் பெருந்தோட்டங்கள் தக்க சான்றாகும். தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரை மேய்க்க வேண்டியிருந்த ஆங்கிலேய இளந்துரைமாருக்கெனத் தமிழ்க் கைந்நூல்கள் சில கொழும்பில் அச்சிடப்பட்டன. 19ஆம் நூற்றாண்டிலே பேர்குசன் பதிப்பகத்தார் வெளியிட்ட அத்தகைய நூலொன்றின் தலைப்பு 'இங்கே வா' என்பதாகும். சின்னத்துரையின் கையடக்க வழிகாட்டி என்பது அதற்கு அமைந்த விளக்கம். 1915இல் டபிள்யூ. ஜீ. பி. வெல்ஸ் என்பார் வெளியிட்ட நூலின் பெயர் 'கூலித் தமிழ்'. ஒரு நூலின் பெயரே ஏவல் ஒருமை வினையாகவும், மற்றதன் பெயர் மொழியையும் அதைப் பேசுவோரையும் ஒருங்கே தாழ்த்துவதாகவும் அமைந்தமை தற்செயலன்று. துரைக்குத் தேவைப்பட்டது தொழிலாளரைத் தன்பால் அழைப்பதற்கும் வேலையில் ஏவுவதற்கும் போதிய தமிழ். அவர்கள் சொல்வதைக் கேட்பதற்குரிய தமிழ் அன்று.

தோட்டத்தின் நிருவாக அமைப்பும் இதற்கு இயைந்ததாகவே இருந்தது. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு மேலே கங்காணி, அவருக்கு மேலே கணக்கப்பிள்ளை, அவருக்கு மேலே சின்னத்துரை, எல்லோருக்கும் மேலே பெரியதுரை என அதிகாரம் படிப்படியாக உயர்ந்து சென்றது. காலைப் பெரட்டிலே இடப்படும் கட்டளை சில நிமிடங்களில் மலையடிவாரம் வரை எட்டிவிடும். ஆனால், கொழுந்து நிறுக்கும் இடத்திலே தனக்கு அரைப்பேர் மட்டும் போடப்பட்டது நியாயமன்று என ஒரு பெண் சொல்லும் சொல் மேலே ஏற வேண்டுமாயின், அது முதலிற் கங்காணியிடமே செல்ல வேண்டும். அம்முறைப்பாடோ பெரும்பாலும் அவரைப் பற்றியதாகவே இருக்கும். ஒவ்வொரு படியிலும் கசப்பான பகுதி கழிக்கப்பட்டுப் பெரியதுரையை அடையும்போது "எல்லாம் சரி" என்பது மட்டுமே எஞ்சும். 1975இல் கொம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. 1992இல் அவற்றின் முகாமை தனியார் பிராந்தியக் கொம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. உடைமையும் முகாமையும் கைமாறியபோதும் இப்படிநிலை பெரிதும் மாறாது நிலைத்தமை சிந்திக்கத்தக்கது.

ஏவல் மொழி குடியேற்ற நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. 1911இல் 'அறிவியல் முறை முகாமைத்துவத்தின் தத்துவங்கள்' என்ற நூலை எழுதிய அமெரிக்கப் பொறியியலாளர் பிரெடெரிக் டெயிலர், இரும்புப் பாளம் சுமக்கும் தொழிலாளி ஒருவர் நாளொன்றுக்கு 12½ தொன்னுக்குப் பதிலாக 47½ தொன் சுமக்குமாறு செய்யப்பட்டமையை அதிற் பெருமையுடன் விவரித்தார். அவருடைய கூலியோ 1.15 டொலரிலிருந்து 1.85 டொலராகவே உயர்ந்தது. சிந்திப்பது முகாமையின் பணி, செய்வது தொழிலாளியின் பணி என்பதே டெயிலரின் அடிப்படை. செய்பவர் சிந்திக்க வேண்டியதில்லை எனின் அவரிடம் வினவ வேண்டிய தேவையும் இல்லை.

ஹோதோர்ன் தொழிற்சாலையின் படிப்பினை

இக்கோட்பாட்டுக்கு மாறாக, தொழிலாளர் பேசுவதைக் கேட்க வேண்டும் என்ற கருத்து சிக்காகோ நகருக்கு அருகேயிருந்த வெஸ்டேர்ன் இலெக்றிக் கொம்பனியின் ஹோதோர்ன் தொழிற்சாலையில் நிகழ்ந்த ஆய்வுகளின் பின்னரே முகாமைத்துவ நூல்களிற் செல்வாக்குப் பெற்றது. 1924இல் ஒளியூட்டம் பற்றிய சோதனையாகத் தொடங்கிய இவ்வாய்வுகள் 1932வரை நீடித்தன. 1928க்கும் 1930க்கும் இடையில் ஏறத்தாழ 21,000 தொழிலாளர் நேர்காணப்பட்டனர். தொடக்கத்தில் நேர்காண்போர் ஆயத்தம் செய்யப்பட்ட வினாப் பட்டியலுடன் சென்றனர். தொழிலாளரோ அப்பட்டியலுக்குப் புறம்பானவற்றையே பேச விரும்பினர். ஆகவே பட்டியல் கைவிடப்பட்டது. தொழிலாளர் விரும்பியதைப் பேச, நேர்காண்போர் குறுக்கிடாது கேட்டனர். அரை மணித்தியாலமாக இருந்த நேர்காணல் ஒன்றரை மணித்தியாலமாக நீண்டது. நமது பாகுபாட்டின்படி கூறுவதாயின், அறிவினா அறியாவினாவாக மாறியது. மாறியதும் விடையும் மாறியது.

எனினும், அதே தொழிற்சாலை இக்கேட்டலின் எல்லையையும் காட்டிற்று. பெண் தொழிலாளர் சிலரைத் தனி அறையில் வைத்து நிகழ்த்திய சோதனையில், அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்ற காரணத்தால் 1928 சனவரியில் இருவர் நீக்கப்பட்டு வேறிருவர் அமர்த்தப்பட்டனர். உற்பத்தி உயர்வுக்கு மேற்பார்வையின் கனிவே காரணம் எனப் பின்னர் பரவிய விளக்கத்தை 1967இல் அலெக்ஸ் கேரி கடுமையாக மறுத்தார். இவ்விருவரின் நீக்கத்தையும், சிறு குழுவுக்கெனத் தனியாக அமைந்த ஊக்கக் கூலியையும் அவர் சுட்டிக்காட்டினார். பேச்சை ஆராய்ந்த அறையிலிருந்தே பேசியவர்கள் வெளியேற்றப்பட்டனர் என்பது நாம் மறக்கலாகாத செய்தியாகும்.

1931 நவம்பர் முதல் 1932 மே வரை 14 ஆண் தொழிலாளரைக் கொண்ட மற்றோர் அறை அவதானிக்கப்பட்டது. நாளொன்றுக்கு இரண்டு கருவிகளை முடித்தால் போதும் எனத் தொழிலாளர் தமக்குள் வரையறுத்திருந்தனர்; அதனை மிஞ்சியவரைக் கேலியாலும் கண்டிப்பாலும் தடுத்தனர்; அறிக்கையிட்ட கணக்கும் உண்மை உற்பத்தியும் வேறுபட்டன. கூடுதலாகச் செய்தால் கூலி வீதம் குறைக்கப்படும் அல்லது சிலர் வேலை இழப்பர் என அவர்கள் அஞ்சினர். அறிஞர் சிலர் இதனை அறியாமையால் விளைந்த அச்சம் என்றனர். பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, வேலை இன்மையால் அவ்வறையே மூடப்பட்டதை நோக்கும்போது அவ்வச்சம் அறிவுடைமை என்றே நாம் கொள்ளல் வேண்டும். தொழிலாளரின் மௌனம் தொடர்பாடல் திறனின்மை அன்று. தம் நலனைக் காக்கும் அரண்.

1936இல் அதே தொழிற்சாலையில் ஆலோசகர் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. ஆலோசகர் தொழிலாளரின் குறைகளைப் பொறுமையுடன் கேட்பார். ஆனால் அவற்றின்மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. 1956இல் அத்திட்டம் முடிவுற்றது. கேட்டலையும் செயலையும் பிரித்துவிட்டால், கேட்டல் ஒரு திறனாக இராது. ஆறுதலாகவோ ஏமாற்றாகவோ சுருங்கிவிடும்.

கேளாமையின் விலை

ஹோதோர்னில் மறைந்து கிடந்தது உற்பத்திக் கணக்கு. மேலே செல்லாத செய்தி உயிர்களைப் பற்றியதாயின் நிகழ்வது யாது என்பதை 1986 சனவரி 28ஆந் திகதி நாசா நிறுவனத்தின் சலஞ்சர் விண்ணோடம் காட்டிற்று. புறப்பட்ட 73 விநாடிகளில் அது சிதறியது, எழுவர் மாண்டனர். உந்துகணையின் இணைப்பிலிருந்த இறப்பர் வளையம் குளிரில் தன் வேலையைச் செய்யவில்லை. இவ்வபாயத்தை எவரும் அறியாதிருக்கவில்லை. உந்துகணையைச் செய்த மோர்ட்டன் தயோக்கோல் கொம்பனியின் பொறியியலாளர் ரொஜர் பொய்ஜொலி, 1985 யூலையிலேயே இது பற்றித் தம் மேலாளருக்கு எழுதியிருந்தார். விபத்துக்கு முந்திய இரவு நடந்த தொலைபேசி மாநாட்டில், ஏறத்தாழ 12 பாகை செல்சியசுக்குக் குறைந்த வெப்பநிலையில் ஏவலாகாது என அக்கொம்பனியின் பொறியியலாளர் பரிந்துரைத்தனர். ஏவப்பட்டபோது வெப்பநிலை ஏறத்தாழ 2 பாகையாக இருந்தது.

அம்மாநாட்டில் நிகழ்ந்தது என்ன? நாசா அதிகாரிகள் பரிந்துரையை வன்மையாக ஆட்சேபித்தனர். கொம்பனியார் தமக்குள் கலந்துபேச அவகாசம் கேட்டனர். அங்கே ஒரு மேலாளரிடம், பொறியியலாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு முகாமையாளர் தொப்பியை அணியுமாறு மற்றொரு மேலாளர் கூறினார். பரிந்துரை மாற்றப்பட்டது. பாதுகாப்பானது என நிறுவுமாறு கேட்பதே வழக்கம். அன்றிரவோ பாதுகாப்பற்றது என நிறுவுமாறு தாம் கேட்கப்பட்டதாகப் பொய்ஜொலி பின்னர் சாட்சியமளித்தார். நாசாவினர் கேட்டது வினா வடிவில் இருந்தது; உண்மையில் அது ஏவல்வினா. பொறியியலாளர் அளித்தது மறை விடையும் உறுவது கூறலும் ஆகும். நேர் விடையொன்றையே எதிர்பார்த்த செவிகளில் அவை ஏறவில்லை. பொறியியலாளரின் ஆட்சேபம் ஏவுதலை இறுதியாக முடிவு செய்த உயர் அதிகாரிகளை எட்டவே இல்லை என்பதை விசாரணை ஆணைக்குழு பின்னர் வெளிப்படுத்திற்று. தோட்டத்துப் படிநிலையும் விண்வெளி நிறுவனத்துப் படிநிலையும் இவ்வகையில் ஒன்றேயாம்.

நடைமுறைக்குரிய முறைகள்

இச்சான்றுகளிலிருந்து முகாமையாளர் பயிலத்தக்க முறைகள் சில பெறப்படுகின்றன. முதலாவது, கட்டளையைக் காரணத்தோடு கூறல். போஸ்ரன் நகரைச் சேர்ந்த மேரி பார்க்கர் பொலெற் 1925இல் கட்டளையிடுதல் பற்றி நிகழ்த்திய உரையில், ஒருவர் மற்றவருக்கு ஆணையிடுதல் அன்று, இருவரும் கூடி நிலைமையை ஆராய்ந்து அது வேண்டும் கருமத்தை ஏற்றலே முறை என்றார். இதனை 'நிலைமையின் விதி' என அழைத்தார். "இன்று மேல்மலையிற் பறியுங்கள்" என்பது ஏவல். "மேல்மலையிற் கொழுந்து முற்றுகிறது, இன்று அங்கே பறித்தால் நல்லது, தடை ஏதும் உண்டா?" என்பதில் ஏவலும் உண்டு, வினாவும் உண்டு. மழையால் வழுக்கும் பாதையைப் பற்றிச் சொல்ல இரண்டாவதிலேயே இடமுள்ளது.

இரண்டாவது, விடையை உள்ளடக்கிய வினாவைத் தவிர்த்தல். "எல்லாம் சரிதானே?" என்பது ஆம் என்ற விடையை இரப்பது. "இந்த வாரம் எந்த வேலை உங்களைத் தாமதப்படுத்தியது?" என்பது உற்றதுரைக்கவும், "நாளை எது தவறலாம்?" என்பது உறுவது கூறவும் வாயில் திறப்பன. அதிகாரமற்றோர் மறுத்துரைப்பதில்லை, "கால் வலிக்கும்" என்றே சொல்வர். அது மறுப்பே என உணர்தல் முகாமையாளரின் கடன்.

மூன்றாவது, கேட்டதைத் திருப்பிச் சொல்லி, எழுதி, விடையளிக்கும் நாளைக் குறித்தல். கோரிக்கையை ஏற்க இயலாதாயின் காரணத்தைச் சொல்லி மறுத்தல், மௌனத்தினும் மேலானது.

நான்காவது, பிழையை அறிவித்தவரைத் தண்டியாமை. அமெரிக்க விமானப் போக்குவரத்தில் 1976 முதல், விமானிகள் தம் தவறுகளையும் பெயர் வெளிப்படாது அறிவிக்கும் முறையொன்று நடைபெறுகிறது. அதனை நடத்துவது நாசாவே. பிற துறைக்கு அமைத்துக் கொடுத்த வழியைத் தன் இல்லத்துள் அந்நிறுவனம் அமைக்கத் தவறியமை, இத்திறன் தனிமனிதர் குணத்தைவிட அமைப்பையே பெரிதும் சார்ந்தது என்பதை உணர்த்தும்.

ஐந்தாவது, தொழிலாளரின் மொழியை மதித்தல். 1987இல் 13ஆவது திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. சட்டத்தில் மொழி இடம்பெறுவதும் தொழிலகத்தில் அம்மொழியில் முறையிட இயல்வதும் வேறு வேறு. 'நீ' என விளிக்கும் மேற்பார்வையாளரை 'ஐயா' என விளிக்க வேண்டிய தொழிலாளி, அவர் தவறு செய்கிறார் என எவ்வாறு கூறுவார்?

முடிவுரை

இடித்துரைப்போரின் இன்றியமையாமையைப் பெரியாரைத் துணைக்கோடல் என்ற அதிகாரத்தில் வள்ளுவர் வற்புறுத்தினார். ஆயின் அங்கே இடித்துரைப்போர் அறிவால் மூத்த பெரியோர். நாம் வேண்டுவது கொழுந்து பறிக்கும் பெண்ணும் இயந்திரம் இயக்கும் தொழிலாளியும் அச்சமின்றி இடித்துரைக்கும் நிலை. அதனை முகாமையாளரின் நல்லெண்ணம் மட்டும் தராது. வேலைப் பாதுகாப்பும், தொழிற்சங்க உரிமையும், முடிவெடுக்கும் அவைகளில் தொழிலாளருக்கு உண்மையான இடமும் அமைந்தாலன்றி, தலைமைத்துவப் பயிற்சி வகுப்புகள் இனிய குரலில் ஏவல் இடக் கற்பிப்பனவாகவே முடியும். ஆதலால், ஒரு முகாமையாளரின் தொடர்பாடல் திறனை அளக்க விரும்புவோர் அவர் உரையாற்றும் திறத்தை நோக்கற்க. அவரிடம் "இது தவறு" என்று இறுதியாகச் சொன்னவர் யார், அச்சொல்லால் வேலையில் ஏற்பட்ட மாற்றம் யாது, சொன்னவர் இன்னும் அவ்விடத்தில் தொழில் புரிகின்றாரா என்பனவற்றையே நோக்குக.